நிற்காமல் ஓடிய புரோகிராம்

நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும்.

போர்ட் கிள்ளானில் மீன் வைக்கும் கோல்ட் ரூமில் எனக்கு வாசல் வேலை. அதற்கு முன் லோரி ஓட்டினேன். அதற்கும் முன் ஐஸ் கட்டி தூக்கினேன். ஈரச் சாக்கைத் தோளில் போட்டு, அதன்மேல் கட்டியை ஏற்றினால் காது மரத்துப்போகும். சரி, அந்தக் கதை வேண்டாம்.

மகளுக்கு சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் கோல்ட் ரூம் புரோகிராம் அவள் எழுதியது. உள்ளே குளிரை அளக்க நாலு சென்சார். வரும் அளவுகளைக் கூட்டி, எத்தனை சென்சார் வேலை செய்கிறதோ அதால் வகுக்கும். சூடு ஏறினால் சைரன் அடிக்கும். லோரிகள் வெளியே போகச் சீட்டு அடிப்பதும் அதே கம்ப்யூட்டர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அறையைக் கழுவுவோம். நனையக் கூடாதென்று சென்சார் நாலையும் கழற்றிவிடுவது எங்கள் பழக்கம். உடனே புரோகிராம் நின்றுவிடும். திரும்ப மாட்டும்வரை சீட்டு வராது. வெளியே ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கும்.

"அங்கிள், மீனு நீந்தியே பாசாருக்குப் போயிரும் போல லா!" என்று சந்தைக்கு மீன் ஏற்ற வந்த ஒரு டிரைவர் கத்துவான்.

பொறுக்காமல் மகளிடம் கேட்டேன். "நிக்காம ஓடற மாதிரி பண்ணிக் குடும்மா."

"நாலையும் கழட்டினா சைபரை சைபரால வகுக்கணும், அதுக்கு விடை கிடையாதுப்பா. அதான் நிக்குது. கம்பைலர்ல ஒரு ஆப்ஷன் போட்டு வச்சிருக்கேன், தப்புக் கணக்கு வந்தா நிறுத்துன்னு. அத எடுத்தா நிக்காது. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். ஹார்ன் தாங்க முடியல."

எடுத்தாள்.

அடுத்த வெள்ளி கழுவினோம். ஹார்ன் இல்லை, அதனால் சென்சாரை மாட்டும் ஞாபகமும் வரவில்லை. தண்ணீர் பட்டுக் குளிர் மெஷின் நின்றிருந்தது, அதுவும் தெரியாது. திரையில் நம்பர் இருக்கும் இடத்தில் ஏதோ மூன்று எழுத்து. விளக்கு பச்சை. பச்சை என்றால் நல்லதுதானே என்று டீ குடிக்கப் போனேன். மதியம் கதவடியில் தண்ணீர் ஓடியது. அத்தனை கெம்போங் மீனும் கெட்டுவிட்டது.

சைரன் ஏன் அடிக்கவில்லை என்று மகளிடம் கேட்டேன். "அந்த மூணு எழுத்துன்னா நம்பரே இல்லன்னு அர்த்தம். நம்பரே இல்லாத ஒண்ணப் போயி நாலு டிகிரிக்கு மேலயான்னு கேட்டா, இல்லன்னுதான்பா சொல்லும்," என்றாள்.

திங்களன்று கோல்ட் ரூம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "யாரு மாத்தச் சொன்னது?" என்றார்.

"நானாத்தான் மாத்தினேன் சார்."

"நான்தான் சார் கேட்டேன்," என்றேன்.

"அங்கிள், மகளைக் காப்பாத்தறீங்களா? கம்பைலர்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

மேனேஜர் அவள் கம்பெனிக்குப் போன் போட்டார். அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று.

இப்போது டைப் செய்வதை நிறுத்திவிட்டு, "நீங்க கேட்டீங்கங்கற இடம் வேணாம்பா," என்கிறாள்.

"வேணும். போடு."

விரல் ஓடுகிறது. போட்டாளா, விட்டாளா, எனக்குப் படிக்கத் தெரியாது.