காலியாக இருந்த வாரிஸ் கட்டம்

இரண்டு வருடத்துக்கு முன்பு மூவாரில் நடந்தது. நான் ஜொகூர் பாருவில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். அப்போது எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

மூவாரில் உள்ள டயாலிசிஸ் மையத்துக்கு வேன் பட்டியல் செய்து கொடுத்திருந்தேன். காலையில் யாரையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று டிரைவரின் போனில் வரும். பேர், வீடு, அவசரத்துக்கு வாரிஸின் நம்பர். வாரிஸ் தெரியுமே, இங்கே மலேசியாவில் எந்தப் பாரத்திலும் கேட்பார்களே, நெருங்கிய சொந்தம் யார் என்று. அந்த நம்பர் நோயாளியின் பதிவில் இருக்காது. ‘நோயாளி.வாரிஸ்.போன்’ என்று எழுதிக் கொடுத்தால், என் புரோகிராம் புள்ளி புள்ளியாகப் பிரித்து, நோயாளியின் பதிவைத் திறந்து, அங்கிருந்து வாரிஸின் பதிவுக்குப் போய், நம்பரை எடுத்து வரும். எந்த விவரம் கேட்டாலும் இப்படியே தேடிப் பிடிக்கும். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நடுவில் வாரிஸ் பதிவே இல்லையென்றால்? சோதித்தபோதே எரர் வந்தது. வாரிஸ் இல்லாத மனுஷன் யார் இருக்கப்போகிறார் என்று, ‘எரர் வந்தால் அந்த ஆளைத் தாண்டிப் போ’ என ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன!

முதல் நாள் காலை ஏழரைக்கு அங்கிருந்த நர்ஸ், எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி, போன் செய்தார்.

“லிஸ்ட்ல ஒரு ஆள் கொறையுது மா. டிரைவரும் புதுசு, அவருக்குத் தெரியாது.”

“சிஸ்டம் ஓகே மிஸ்ஸி. நீங்கதான் கீ-இன் பண்ணாம விட்டிருப்பீங்க. செக் பண்ணுங்க லா.”

எரிச்சலோடு போனை வைத்தேன். ஒன்பது மணிக்கு முதலாளியே கூப்பிட்டு, நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார்.

மதியம் போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தால், ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்த ஆளின் பதிவு பத்திரமாக இருந்தது. வாரிஸ் கட்டம் மட்டும் காலி. என் வரிதான் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனாலும் மிஸ்ஸியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “இவரோட வாரிஸ் காலியா இருக்கு மிஸ்ஸி, அதான்.” பொய் இல்லை. ஆனால் என் வரியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த நேரம்தான் அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்தார். அறுபது வயதிருக்கும். காலை ஆறிலிருந்து செம்பனைத் தோட்டத்துச் சாலையோரம், கையில் போனும் இல்லாமல், வேனுக்குக் காத்திருந்திருக்கிறார். கால் இரண்டும் வீங்கி, நாலு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. உடனே மெஷினில் சேர்த்தார்கள். நல்லவேளை, சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டார்.

கிளம்பும்போது என்னைப் பார்த்து நின்றார்.

“மிஸ்ஸி சொன்னாங்க மா, வாரிஸ் எழுதாம விட்டுட்டேனாம். சம்சாரம் போயிட்டா, பிள்ள குட்டி இல்ல. யார் பேர எழுதறதுன்னு தெரியல. என்னால உங்களுக்கு இவ்ளோ தூரம் அலைச்சல். சாரி மா.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் சொன்னதோ, “பரவால்ல அங்கிள்.”

அந்த வரியை அன்றைக்கே அழித்து, வாரிஸ் இல்லாதவர் பேரும் பட்டியலில் வரும்படி மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் எதைச் சோதித்தாலும் முதலில் வாரிஸ் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் பார்க்கிறேன். ஆனால் என் தவறால் மூச்சுத் திணறி வந்து சேர்ந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதும், நான் பெரிய மனசோடு அவரை மன்னித்ததும் நினைவுக்கு வந்தால், இன்றும் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறது.