சகலை வீட்டு மிளகாய்ப்பழக் கலர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சகலை வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள், "திருட்டுப் போச்சு சகலை, திருட்டுப் போச்சு!" என்று கொல்லையிலிருந்து ஓடி வந்தார்.

நகையா? ரேடியோவா? இல்லை... மிளகாய்!

சகலை ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். பிள்ளையார்பாளையத்தில் வீடு. இரண்டு பெண்கள். மூத்தவள் ராஜிக்குத் தையில் கல்யாணம். காஞ்சிபுரத்தில் பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்? கடைக்குப் போவார், பத்துச் சேலையைப் பிரித்துப் போடச் சொல்வார், ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார். டிராயிங் மாஸ்டர் அப்படிச் செய்யலாமா? நூலுக்குச் சாயம் ஏற்றுவதிலிருந்தே இவருடைய மேற்பார்வை வேண்டுமாம்.

"கடைக்காரன் மிளகாய்ப்பழக் கலர்னு காட்டுறதெல்லாம் மிளகாயே இல்ல சகலை. அசல் என்கிட்ட இருக்குது, வாங்க" என்று ஒருநாள் கொல்லைக்கு இழுத்துப் போனார்.

பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் ஒரு செடி. விதை பெங்களூரிலிருந்து வந்ததாம். 'கேயென்' என்று ஏதோ சீமைப் பெயர் சொன்னார். எனக்கென்னவோ நம் சந்தையில் கூறு கட்டி விற்கிற நீட்டு மிளகாயாகத்தான் தெரிந்தது. ரசத்துக்குக்கூட யாரும் ஒன்று கிள்ளக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

முதல் பழம் சிவந்ததும் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சாயப் பட்டறைக்குப் போனார். பட்டறை ஏகாம்பரம் நூலுக்கு அதே சிவப்பை ஏற்றிக் கொடுத்தார். அச்சாக அதே சிவப்பு — நானே பார்த்தேன்.

சகலை நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து செடியோரம் பிடித்தார். முகம் சுண்டிவிட்டது. செடியில் இருந்த மற்ற பழங்கள் அதற்குள் இன்னும் சிவந்திருந்தன! மறுபடி பட்டறை. மறுபடி சாயம். மறுபடி கொல்லை. பழங்கள் மறுபடியும் இவரை முந்திக்கொண்டு கருஞ்சிவப்பாகியிருந்தன.

செடியில் இருக்கிற மிளகாய் இவருக்காக ஒரே கலரில் நிற்குமா? பள்ளிக்கூடத்தில் கலர் பாடம் நடத்துகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் இன்றைக்குக் கையில் இருப்பதைவிட நாளைக்கு வருவது உசத்தி என்று ஒரு வியாதி இருக்கிறதே! உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். குடை வாங்கிய மறுநாள் அடுத்த கடையில் போய் வேறு குடையை விரித்துப் பார்ப்பார்.

மூன்றாவது தடவை பட்டறைக்குப் போனபோது நானும் ராஜியும் கூட இருந்தோம். ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார் இது? இன்னொரு வாட்டி முக்கினா கறுப்பு தட்டிடும். முகூர்த்தத்துக்குப் பொண்ணு கறுப்பா கட்டிக்கும்? அங்க தறிக்காரரு நூலுக்காகக் குந்திக்கினு இருக்காரு. நாள் நெருங்குது சார்."

"செடியில கடைசியா நாலு காய் இருக்குது. அது நல்லா பழுக்கட்டும்பா. அதான் அசல். அப்புறம் முக்கலாம்" என்றார் சகலை, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ராஜிக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த மனுஷனைத் தூக்கிச் சாயத் தொட்டியில் போடலாம் போலிருந்தது.

அந்த நாலு பழங்களைத்தான் போன ஞாயிறு காணவில்லை. பழம் மட்டுமா? செடியில் ஒரு பிஞ்சுகூட மிச்சமில்லை. மொட்டைச் செடி.

"யார் எடுத்தது? என் சாம்பிள் எங்கே?" என்று சகலை வீடே அதிரக் கத்தினார்.

ராஜி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மியில இருக்குதுப்பா. துவையல் அரைச்சிக்கினு இருக்கேன். நூலைக் காலையிலயே தறிக்காரர் வீட்ல குடுத்துட்டேன். சேலைக்குப் பாவு கூட ஓட்ட ஆரம்பிச்சிட்டாரு."

சகலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் கலர் தெரிந்தவர் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. துவையல் பிரமாதம்!

நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சேலை தறியில் வளர்கிறதாம். சகலை கொல்லையில் இருந்தார். மிளகாய்ச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே டின்னில் கத்தரி நாற்று நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சகலை?" என்றேன்.

"கடைக்காரன் காட்டுறதெல்லாம் கத்தரிப்பூக் கலரா?" என்றார்.

சின்னவளுக்கு இப்போதே வரன் பார்க்கிறார்கள்... பாவம் அந்தப் பெண்!