சடையன் முதுகில் ஓர் உபதேசியார்

கொல்லிமலைக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். போன வாரம் நான் போனேன். முழங்கால் இன்னும் மடங்க மறுக்கிறது. காலை நீட்டிப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கூப்பிட்டவன் வெளியாள் அல்ல. என் மனைவியின் தம்பி ஆசீர்வாதம். மிஷனில் உபதேசியார் வேலை. நல்ல பையன், வேதம் படித்தவன், குரலும் கணீரென்று இருக்கும். ஒரே ஒரு குறை – ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணச் சொன்னால், ரசம் ஆறிப்போகும். அவன் வேலை பார்த்த ஊர்க்காரர்கள் எல்லாம் மிஷன் துரையை நேரில் பார்த்து, “ஐயா, இவரை வேறெங்காவது மாற்றுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் துரை அவனைக் கொல்லிமலைக்குப் போகச் சொன்னார். “நானும் பின்னாலேயே மேலே வந்து பார்ப்பேன். நீ சொல்வதைக் கேட்க ஒரு வீடாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரசங்கத்தை விட்டுவிட்டுப் புஸ்தகக் கடையில் பில் போடு” என்றாராம்.

பிரசங்கம் இல்லாத ஆசீர்வாதமா? பையன் சோறு இறங்காமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

கிளம்பினோம். யுத்தம் வந்ததிலிருந்து பஸ் கரியில் ஓடுகிறது என்கிறார்கள். நாங்கள் போன பஸ் பாதி தூரம் எங்கள் கையால்தான் ஓடியது. அடிவாரத்துக்கு மேல் ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதைதான்.

வழியெல்லாம் அவன் தன் திட்டத்தை விளக்கினான்.

“ஆதித் திருச்சபைக்கு மேடை ஏது மச்சான்? கோயில் கட்டிடம்தான் ஏது? விசுவாசிச்சவன் போன இடத்துல எல்லாம் சொன்னான். பிலிப்பு என்ன செஞ்சார்? ஓடினார்.”

பிலிப்பைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஆதிக் கிறிஸ்தவர்களில் ஒருவர் அவர். எத்தியோப்பிய மந்திரி ஒருவர் ரதத்தில் வேதம் வாசித்துக்கொண்டே போகிறார். பிலிப்பு ஓடிப்போய் ரதத்தைப் பிடித்து, வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். ஒருவர் சொல்லித் தராமல் எப்படிப் புரியும் என்கிறார் மந்திரி. அங்கே தொடங்குகிறது பேச்சு.

“இங்க ரதத்துக்கு எங்க போறது? சந்தைக்கு வந்துட்டு மலையேறுறவங்க கூடவே நடந்து சொல்லப் போறேன்” என்றான்.

அகப்பட்டவர் சடையன். மலைமேல் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; இவர் ஆலத்தூர் நாட்டுக்காரர். மிளகைச் சந்தையில் போட்டுவிட்டு, தலையில் உப்பு மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

“உங்ககிட்ட ஒரு சமாச்சாரம் பேசணுமுங்க” என்றான் ஆசீர்வாதம்.

“பேசுங்க சாமி. நடந்துக்கிட்டே பேசலாமுங்க.”

ஆதாமில் ஆரம்பித்தான். சடையன் நடந்தார். அவருடைய நடை நமக்கு ஓட்டம்! ஏவாள் வருவதற்குள் பையனுக்கு மூச்சு வாங்கியது. சடையன் நின்று, “செத்த நேரம் உக்காருங்க” என்றார். உட்கார்ந்தான். மூச்சு வந்தது, கூடவே பேச்சும் வந்தது. உடனே சடையன், “அப்பக் கெளம்பலாமுங்களா?” என்று நடையைக் கட்டினார். பேச்சு வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டான் என்று அவருக்கு எண்ணம். பேச்சு வந்தால் நடை, நடந்தால் பேச்சு நின்றுவிடும்... இப்படியே நோவாவின் பேழை வரைக்கும் வந்தோம். பேழை தரை தட்டுவதற்கு முன்பே, ஈரப்பாறையில் வழுக்கி ஆசீர்வாதம் தரை தட்டினான். கணுக்கால் பிசகிவிட்டது.

“திரும்பிரலாம் மாப்ளே” என்றேன். என் முழங்காலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

“கீழ போனா புஸ்தகக் கடைதான் மச்சான்.” அவன் கண் கலங்கிவிட்டது. அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அப்போது சிரிப்பு வரவில்லை.

சடையன் மூட்டையை இறக்கி வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

“ஏறுங்க சாமி.”

“ஐயையோ, வேண்டாமுங்க.”

“மழை வந்துருமுங்க. ஏறுங்க.”

ஏறினான். உப்பு மூட்டையா? அது என் தலைக்கு வந்தது. அந்தக் கதையை நான் விவரிக்கப் போவதில்லை.

முதுகில் ஏறியவன் வாயைத் திறக்கவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் சடையனே கேட்டார்: “ஏனுங்க, பேச்சையே காணோமுங்க?”

“சுமக்கறவர்கிட்டப் பிரசங்கம் பண்ண வெக்கமா இருக்குதுங்க.”

“அப்ப நான் ஒண்ணு கேக்கறனுங்க. காலு நோக இந்த மலையில ஏறி வாரீங்களே, உங்களுக்கு அப்படி என்னங்க கஷ்டம்?”

யார் என்ன ஆட்சேபணை சொன்னாலும் ஆசீர்வாதத்திடம் பதில் தயாராக இருக்கும். இந்தக் கேள்விக்கு உள்ளதைத்தான் சொன்னான். 

“துரை வாராருங்க. நான் சொல்றதைக் கேக்க ஒரு ஊடாச்சும் இல்லீன்னா வேலை போயிருமுங்க.” கொஞ்சம் நிறுத்தினான். “அது மட்டும் இல்லீங்க. எங்கப்பன் செத்தப்ப எனக்கும் எங்கக்காளுக்கும் நாதி இல்லீங்க. மிஷன்காரரு ஒருத்தரு ஊட்டுக்குள்ள கூப்பிட்டு சோறு போட்டு, எங்க சாமி உங்களைக் கைவிடாதுன்னு சொன்னாருங்க. அதைச் சொல்லத்தான் வந்தனுங்க. சொல்லத்தான் வரமாட்டேங்குது.”

சடையன் அவனைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

உப்பு மூட்டைக்கு அடியில் நானும் கேட்டுக்கொண்டே நடந்தேன். இத்தனை வருஷத்தில் அவன் பண்ணிய மிகச் சின்னப் பிரசங்கம் அதுதான். பிலிப்பின் கதையில் அவன் எப்போதும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. பிலிப்பு கடைசிவரை ஓடிக்கொண்டே பேசவில்லை. மந்திரிதான் அவரை ரதத்தில் ஏறித் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஓடு என்று மட்டுமா ஆதிச் சபை சொல்லித் தருகிறது? இடம் கொடுத்தவன் பக்கத்தில் உட்கார், அவன் கேட்டதிலிருந்து ஆரம்பி என்றும்தானே?

சடையன் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி செல்லி காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டினார். வேளைக்கு வேளை சாமைச் சோறு. சாப்பிட்டுவிட்டு சடையனும் ஆசீர்வாதமும் ஏதோ பேசிக்கொள்வார்கள். பேசியது பெரும்பாலும் சடையன்.

துரையும் நாலு ஆள் தூக்கும் டோலியில் வந்து சேர்ந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். சடையனைப் பார்த்து, தம் இலக்கணத் தமிழில், “இவர் உமக்கு என்ன உபதேசித்தார்?” என்று கேட்டார்.

“கொஞ்சந்தானுங்க சொன்னாரு.”

“கொஞ்சமா? ஆசீர்வாதமா?” துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆமாங்க. எங்களுக்கு எங்க சாமி இருக்குதுங்க. அதை விடறதா எண்ணமில்லீங்க. ஆனா இவரு சொல்றதக் கேக்கலாமுங்க. இன்னும் மிச்சம் இருக்குதாமுங்க. இவரைக் கூட்டிட்டுப் போயிராதீங்க சாமி.”

ஆசீர்வாதம் தலை நிமிரவில்லை.  துரை என் பக்கம் திரும்பி, “இவரை அழைத்துக்கொண்டு போங்கள் என்றுதான் எல்லா ஊரிலும் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போங்கள் என்று இன்றுதான் கேட்கிறேன்” என்றார். புஸ்தகக் கடைப் பேச்சை எடுக்கவே இல்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு டோலியில் ஏறினார்.

நானும் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செல்லி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். “இந்த வருசம் வெள்ளாமை எப்படிங்க?” என்று ஆசீர்வாதம் கேட்டான். அவர் மழையில் ஆரம்பித்து, காட்டுப்பன்றி வழியாக, மருமகள் வரைக்கும் வந்தார். அத்தனை நேரமும் அவன் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன். வேலை நிலைத்தது என்றதும் சந்தோஷப்பட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றதை மட்டும் நம்ப மறுக்கிறாள் – கூடப் பிறந்தவள் ஆயிற்றே.