மாமா கொடுத்த துணி

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் நான் கல்லூரி முடிக்கும் வருடம், தோழிகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு படம் வரையத் திட்டம் போட்டோம். டவுன் பஸ்ஸிலும் தெருவிலும் வீட்டுக்குள்ளும் பெண்கள் மேல் விழும் கைகளை நீளமான வெள்ளைத் துணியில் வரைந்து, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும்.

துணிக்கு எங்களிடம் வழியில்லை. அம்மாவின் தம்பி பனியன் கம்பெனி வைத்திருந்தார். கேட்டதும் ஒரு முழு ரோலை ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"நல்ல காரியம் கண்ணு. காலிப் பசங்களுக்கு உறைக்கிற மாதிரி வரையோணும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டைமாடியில் கூடி வரைந்தோம். மாமா பப்ஸ் வாங்கி வருவார். சாயங்காலம் எங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் தோழியை ஸ்கூட்டரில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விடுவார்.

திடீரென்று அவள் வருவதை நிறுத்தினாள். கல்லூரியிலும் என்னைக் கண்டால் ஒதுங்கினாள். காரணம் கேட்க மேட்டுப்பாளையத்துக்கே பஸ் ஏறிப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்று பேசினாள்.

"கடைசியா வந்த அன்னைக்கு உன்ற மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் போகலை. கம்பெனில சாவி எடுக்கோணும்னு கூட்டிட்டுப் போனார். ஞாயித்துக்கிழமை, அங்க யாருமில்லை."

அதற்கு மேல் அவள் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. தள்ளிவிட்டு ஓடிவந்தபோது விழுந்த காயம் முழங்கையில் இன்னும் ஆறாமல் இருந்தது.

"போலீஸுக்குப் போலாமா?" என்றேன்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திப்போடுவார். என்ற பேரு வெளிய வரக்கூடாது. ஆனா நீங்க படத்தை உட்டுப்போடாதீங்க. அந்தத் துணில மட்டும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து, எந்தத் தோழி என்று சொல்லாமல், மாமா செய்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவன் அப்படித்தான் கண்ணு. உன்னைய ஒரு நாளாச்சும் அவன் வண்டில ஏத்தி உட்டிருக்கறனா?"

விட்டதே இல்லை. தன் மகளைப் பத்திரமாக வைத்திருந்தாள். மாடியில் வந்து உட்கார்ந்த மற்றவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டவள் நான். அந்தச் சமையலறையில் நிற்கவே எனக்குக் கூசியது.

மறுநாள் துணியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை.

"இது எங்களுக்கு வேண்டாமுங்க அத்தை. ஏன்னு மாமாவுக்குத் தெரியும்" என்றேன்.

அத்தை துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காப்பி குடிச்சுட்டுப் போ கண்ணு" என்றார். அந்தக் குரலில் ஆச்சரியமே இல்லை.

பழைய பெட்ஷீட்டுகளைச் சேர்த்துத் தைத்து மறுபடி வரைந்து தொங்கவிட்டோம். சிலர் சிரித்துக்கொண்டு போனார்கள். நர்ஸ் உடையில் ஒரு பெண் தன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார். தோழி வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம். தாய்மாமன் சீர் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். சொந்தக்காரர்கள் காரணம் கேட்டபோது, "அவனுக்கு உடம்புக்கு முடியலீங்க" என்றாள் அம்மா. எல்லாரும் அக்கறையாக விசாரித்தார்கள். பழனிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். மாலையும் கழுத்துமாக நான் தலைகுனிந்து நின்றேன். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.