ஒரே ஜேர்சியில் மூதூருக்குப் போன இரண்டு அணிகள்

சென்ற மாதம் நிலாவெளியில் ஒரு தேநீர்க் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் எங்கோ ஒரு காற்பந்துக் கழகத்தை ஒரு நாட்டின் அரசாங்கமே வாங்கிவிட்டதாம். இனி அந்தக் கழகத்துக்கு என்ன குறை என்று கடையில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். எங்கள் கழகத்தை அரசாங்கம் எடுத்தபோது நானும் இப்படித்தான் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் எப்படி முடிந்தது என்பதுதான் இந்தப் பயணக் கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆவணிச் சனிக்கிழமை, எங்கள் ஊர் இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலைக்கும் அங்கிருந்து லாஞ்சி என்கிற மோட்டார்ப் படகில் மூதூருக்கும் போனோம். மாவட்டக் கிண்ண இறுதியாட்டம். எழுபது வயதைத் தாண்டித்தான் எழுதப் படித்தேன், ஒரு பந்தி எழுத ஒரு பின்னேரம் போய்விடுகிறது. ஆனால் என்ன சுகம்! ஐம்பது வருடமாக இந்தக் கதையை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. இனி இடையில் மறிக்க ஆளில்லை.

முதலில் எங்கள் கழகம். பெயர் முரல். தண்ணீருக்கு மேலே பாய்கிற மீன். நாங்கள் எல்லோரும் கரைவலை இழுப்பவர்கள். வலையைக் கடலில் வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு இடத்தில் நின்று இழுப்போம். வலை கரைக்கு வந்ததும் கறிமீனைக் கும்பம் கும்பமாகக் குவித்து ஆளுக்கொன்று மணலில் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கும்பம் கூட இருக்கும். அது பந்துக்கு. அந்த இடத்திலேயே விற்று, பந்துக்குத் தோல் தைக்கவும் பஸ் காசுக்கும் எடுத்துக்கொள்வோம். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார் வாயால் எரிந்து விழுவார், ஆனால் அந்தக் கும்பத்தை வைக்காமல் விட்டதில்லை.

பிறகு அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று மீன் வாங்கவும் ஐஸ் அடிக்கவும் வந்தது. பெயர் வேண்டாம். அவர்கள் எங்கள் கழகத்தைப் பொறுப்பேற்றார்கள். சப்பாத்து வந்தது. நீல ஜேர்சி வந்தது. எங்களில் சிலருக்கு ஐஸ் தொழிற்சாலையில் தற்காலிக வேலையும் வந்தது. மறுவாரமே சம்மாட்டியார் பந்துக் கும்பத்தை நிறுத்திவிட்டார். "அரசாங்கத்தின்ர பிள்ளைக்கு நான் ஏன் சோறு போடவேணும்?" என்றார். நாங்கள் சிரித்தோம்.

பயணத்துக்கு வருகிறேன். இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலை அப்போது பதினொரு மைல் என்பார்கள். விடிய ஐந்தரை பஸ்ஸில் ஏறினோம், அறுபது சதம் என்று ஞாபகம். நேராக இறங்குதுறைக்குப் போயிருந்தால் காலை லாஞ்சியைப் பிடித்திருக்கலாம். ஆனால் முதலில் ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த கூட்டுத்தாபனக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வந்து நிற்கவேண்டும் என்பது உத்தரவு. ஏன் என்று கேட்டோம். உத்தரவு என்றார்கள். கந்தோர் எட்டரைக்குத்தான் திறந்தது. திறந்த பிறகு பியோன் வந்து, "ஐயா தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்" என்றான். மேட்டிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். எங்கள் லாஞ்சி எங்களை விட்டுவிட்டுப் போவதையும் அங்கே நின்றே பார்த்தோம்.

கடைசியில் நலன்புரி ஐயா வந்தார். எங்கள் கழகத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவர் என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டு ஆறுதலாகத் தூங்கலாம். அவரும் எங்களோடு மதிய லாஞ்சியில் ஏறினார்.

மூதூருக்குக் கடல்வழி ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஆவணியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும், வலப்பக்கம் இருந்தால் நனைவீர்கள். நாங்கள் நனைந்துகொண்டிருந்தோம். பாதிவழியில் ஐயா தொண்டையைச் செருமினார்.

"தம்பிமார், கோவிக்கக் கூடாது. இண்டைக்குப் பட்டின அணி வெல்லட்டும்."

பட்டின அணியும் அதே கூட்டுத்தாபனத்தின் அணிதான். எங்களை எடுப்பதற்கு முன்பே அவர்களிடம் இருந்தது. இரண்டும் இறுதியாட்டத்தில் முட்டிக்கொள்ளும் என்று கந்தோரில் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் கப்டன் காசிம் நானா. கடலுக்கு அப்பால் கேட்கிற குரல், ஆனால் அன்று மெதுவாகத்தான் கதைத்தார். "ஏலுமெண்டா வெல்லட்டும் ஐயா."

"அதில்லை, நீங்க விடவேணும். வெல்லுற அணி கொழும்புக்குப் போகவேணும். காசில்லாமப் போற ரயில் வாரண்ட் எல்லாம் அவங்கட பேரில எழுதியாச்சு. கையெழுத்தும் விழுந்திட்டுது."

"மாத்தி எழுதுங்கோவன்."

"தற்காலிக ஆக்களுக்கு வாரண்ட் எழுத ஏலாது. நீங்க அரைவாசிப் பேர் தற்காலிகம், மிச்சப் பேர் அதுவும் இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எங்களை ஏன் ஐயா கூட்டிக்கொண்டு போறீங்கள்?"

"மேட்ச் நடக்கவேணும் தானே, சூசை."

வாசிக்கிறவர்களே, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா விளக்கினார். "கூட்டுத்தாபனம் ஆரின்ர? அரசாங்கத்தின்ர. அரசாங்கம் ஆர்? சனம். அப்ப ரெண்டு கழகமும் உங்கட தானே? ஒரு கை மற்றக் கைக்குக் குடுத்தா ஆருக்கு நட்டம்?"

"எங்கட எண்டா நல்லது" என்றார் காசிம் நானா. "அப்ப எங்கட கழகம் சொல்லுது, நாங்க வெல்லப் பாக்கிறம்."

"அப்பிடி நீங்க சொல்ல ஏலாது."

"எங்கட எண்டீங்க?"

"உங்கடதான். ஆனா அதை மேலிடம் சொல்லவேணும்."

பிறகு அவர் எங்கள் கோல்காப்பாளர் பக்கம் திரும்பினார். அவன் அந்தோனி, என் தங்கையின் புருஷன். ஐஸ் தொழிற்சாலையில் தற்காலிகம். தங்கைக்கு அப்போது ஆறு மாதம். நிரந்தரமானால் கடலில்லாத மாதத்திலும் சம்பளம் வரும். இறக்கக்கண்டியில் அப்படி ஒரு சம்பளம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

"அந்தோனி, உன்ர நிரந்தர விசயம் வாற கூட்டத்தில வருது. யோசி."

அந்தோனி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காசிம் நானா அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "தம்பி, நீ உன்ர வீட்டைப் பார். நாங்க ஒருத்தரும் கோவிக்க மாட்டம்" என்றார். அந்தோனி முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்தான்.

மூதூர் இறங்குதுறையிலிருந்து மைதானம் நடக்கிற தூரம். கிண்ணியாவிலிருந்தும் சம்பூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். பட்டின அணி முதலே வந்து மைதானத்தில் வரிசையில் நின்றது. நாங்களும் போய் எதிரே நின்றோம். மைதானம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது.

இரண்டு அணிக்கும் ஒரே நீல ஜேர்சி. ஒரே டெண்டரில் ஒரே துணியில் தைத்தது. இலக்கங்கள்கூட ஒன்றிலிருந்து பதினொன்று வரை இரட்டை இரட்டையாக நின்றன. நடுவர் மூதூரில் ஒரு வாத்தியார். "இதில ஆர் ஆர்?" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் வேலியோரமிருந்து கத்தினார். "டேய், ரெண்டு கயிறும் ஒரே சம்மாட்டியிட கையிலயாம்! இது மேட்ச் இல்லடா, கரைவலை! உள்ளுக்க அம்பிட்ட மீன் நாமதான்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாஞ்சியில் ஐயாவுக்குச் சொல்ல வார்த்தை தேடி நனைந்தேன், அதை அந்த மனிதர் வெற்றிலைச் சாற்றோடு துப்பிவிட்டார்.

ஒரு அணி ஜேர்சியைக் கழற்ற வேண்டும் என்றார் நடுவர். ஐயா யோசிக்கவே இல்லை. "முரல் கழற்றட்டும்."

கழற்றினோம். காசிம் நானா குனிந்து சப்பாத்தையும் கழற்றினார். "கழட்டுறதெண்டா எல்லாத்தையும் கழட்டுவம்." அந்தச் சப்பாத்து எங்களில் யாருக்கும் சரியாகப் பொருந்தியதில்லை, குதிக்கால் எல்லாம் கொப்புளம். வெறும் மேலும் வெறுங்காலுமாக, கரையில் விளையாடுகிற மாதிரியே நின்றோம். ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு என் கால் விரல்கள் தெரிந்தன.

ஆட்டக் கதையை நீட்ட விரும்பவில்லை. இடைவேளைக்குப் பிறகு காசிம் நானா தலையால் இடித்து ஒரு கோல் போட்டார். பட்டின அணி மோசமில்லை, நன்றாகவே ஆடினார்கள், அவர்களுக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முடியப்போகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. பந்து என் கையில்தான் பட்டது, பட்டது உண்மை.

அந்தோனி கோலுக்குள் நின்றான். ஐயா கோலுக்குப் பின்னால் வந்து நின்றார். "அந்தோனி, யோசி" என்று இன்னொரு முறை சொன்னது எனக்குக் கேட்டது. அடி நேராக வந்தது, நல்ல பலம். பந்து அந்தோனியின் நெஞ்சில் அடித்துத் திரும்பி வந்தது, நான் ஓங்கி வெளியே உதைத்தேன். நெஞ்சில் வட்டமாகச் சிவந்திருந்தது. ஊதல் விழுந்த பிறகு ஓடிப்போய்க் கேட்டேன், "என்னடா செய்தனீ?"

"யோசிக்கத்தான் நினைச்சனான், மச்சான். அதுக்குள்ள பந்து வந்திட்டுது."

வென்றோம் என்று துள்ளினோம். ஐயாவைப் பார்க்கப் பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லை, எப்படியும் கூட்டுத்தாபனம்தானே வென்றது!" கிண்ணத்தை அவரே போய் வாங்கினார். நாங்கள் கழற்றிய ஜேர்சிகள் அரசாங்கச் சொத்து என்று சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஒன்றில் கிண்ணத்தைச் சுற்றி மடியில் வைத்தபடி லாஞ்சியில் வந்தார். தொட்டுப் பார்க்கக் கேட்டோம். கந்தோரில் பதிந்த பிறகு பார்க்கலாம் என்றார். அது ஓர்ஸ் ஹில்லில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் போனது. கொழும்புக்குப் பட்டின அணி போனது, வாரண்ட் அவர்கள் பெயரில் இருந்ததே.

அந்தோனியின் விஷயம் கூட்டத்தில் வந்ததா என்று தெரியாது. மாத முடிவில் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இடம் இல்லையாம். காசிம் நானாவும் நானும் சப்பாத்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஓர்ஸ் ஹில்லுக்குப் போனோம், கழகத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க. ஐயா உண்மையாகவே வருத்தப்பட்டார். "எடுக்க ஒரு முறை இருக்கு. திருப்பிக் குடுக்க முறை ஒண்டும் இல்லையே" என்றார். சாக்கை அவர் மேசைக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தோம். கழகம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் மட்டும்.

ஒரு பக்கமாகக் கதைக்கக் கூடாது. எங்களில் இரண்டு பேர் அந்த ஐஸ் தொழிற்சாலையில் நிரந்தரமாகி, பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அது சின்ன விஷயமில்லை. அரசாங்கம் பந்து வாங்கித் தரட்டும், மைதானம் வெட்டித் தரட்டும். ஆனால் சம்மாட்டியார் பிழை விட்டால் அவர் வாசலில் நின்று ஏசினோம், பிடிக்காவிட்டால் அடுத்த வலைக்குப் போனோம். மீன் வாங்குகிறவரும் சம்பளம் தருகிறவரும் எதிரணிக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்றால் எந்த வாசலில் போய் நிற்பது? போனாலும், வாசல் உங்களுடையதுதான் என்று அவரே சொல்லுவார்.

மூதூருக்குப் போக நினைப்பவர்களுக்கு: இப்போது பாலங்கள் வந்துவிட்டன, திருகோணமலையிலிருந்து கிண்ணியா வழியாகத் தரையாலேயே போகலாம், நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஏறுமுன் கேளுங்கள். பஸ் பலகையையும் வாசியுங்கள், நான் இப்போது ஒன்று விடாமல் வாசிக்கிறேன். ஆவணியில் வெயிலுக்குத் தொப்பி வேண்டும். உங்கள் கழகத்தை யாராவது பெரிய இடம் எடுக்க வந்தால், எடுப்பது எப்படி என்று கேட்காதீர்கள், திருப்பித் தருவது எப்படி என்று முதலில் கேளுங்கள்.

சாக்கை வைத்துவிட்டு வந்ததற்கு அடுத்த ஞாயிறு அந்தோனி மறுபடியும் எங்களோடு கயிறு பிடித்தான். நெஞ்சுச் சிவப்பு மாறிவிட்டது, முகவாட்டம் மாறவில்லை. வலை ஏறி, கறிமீன் பிரித்து, ஆளுக்கொரு கும்பம் வைத்தார்கள். எல்லோரும் எடுத்த பிறகும் மணலில் ஒன்று மிச்சம் கிடந்தது.

"ஆரின்ர இது?" என்று கேட்டேன்.

சம்மாட்டியார் என்னைப் பார்க்காமல் வள்ளத்தைப் பார்த்துக் கத்தினார். "கண் தெரியேல்லையோ? பந்தின்ர!"

பிறகு இன்னொரு கை மீன் அள்ளி, அந்தோனியின் கும்பத்தில் போட்டுவிட்டுப் போனார்.