நடவுக்கு ஆள் இல்லை, வா

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். என்னோடு படித்த சேகர் சென்னையில் படம் வரைகிறவன். போன் பேசினால் தலை வலிக்கிறது என்று எனக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவான். படம் விற்கவில்லை, தூக்கம் வரவில்லை, வரைந்ததைக் கிழித்துவிட்டேன் என்று ஒரே புலம்பல். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

போன வருடம் சம்பா நடவு நேரம். நாற்று முற்றுகிறது, நன்னிலம் பக்கம் எங்கேயும் ஆள் கிடைக்கவில்லை. அப்போது பார்த்து ஒரு கடிதம். "இனிமே இருந்து என்னடா ஆவப்போவுது?" என்று முடித்திருந்தான்.

"உங்க ஆளு மறுபடியும் அழுவுறாரா?" என்றாள் மனைவி.

எனக்குப் பயமும் வந்தது, கோபமும் வந்தது. ஆறுதலாக எழுதத் தெரியாது. ஒரு கார்டில், "நடவுக்கு ஆள் இல்லை. சும்மாதானே இருக்கிறாய், வா" என்று எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரம் தோள்பையோடு வரப்பில் வந்து நின்றான். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். நட்டதெல்லாம் மிதந்தது.

"அண்ணே, நீங்க கரையேறுனாலே பெரிய ஒத்தாசை" என்றாள் நடவுக்காரப் பெண் ஒருத்தி. அவனும் சேர்ந்து சிரித்தான்.

சாப்பிடும்போது சொன்னான்: "எல்லாரும் தைரியமா இருன்னு எழுதுனாங்க. நீ ஒருத்தன்தான்டா வேலை இருக்கு, வான்னு எழுதுன."

நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அது எரிச்சலில் எழுதியது என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. நாலு நல்ல வார்த்தை எழுதத் தெரிந்திருந்தால் அதை எழுதிவிட்டு நடவைப் பார்க்கப் போயிருப்பேன். அவன் என்ன ஆகியிருப்பானோ என்றுதான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.