நகலெடுக்கப் போன கேசட்

இரண்டாயிரமாம் ஆண்டு அக்டோபர் மாதம். கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. என் கணவருக்கு மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை என்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித்தான். சளி பிடித்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். தூங்கும்போதுகூட மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தேன். அங்கே குப்பையில் போடவிருந்த ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்து ஓட வைத்தேன். அதிலிருந்து பிடித்தது அந்தப் பைத்தியம். எண்பதுகளில் வந்த அந்தக் கம்ப்யூட்டர்கள் பார்ப்பதற்கு வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். டி.வி.யில் செருகினால் டி.வி.தான் திரை. புரோகிராம்களைச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். அந்தக் கேசட்டை டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டால் நமக்குக் கீச்சென்று காது கூசும். கம்ப்யூட்டருக்கு மட்டும் அது புரியும். பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய இரும்புக் கடைகளிலும் தேடித் தேடி ஐந்து சேர்த்துவிட்டேன்.

“குழந்தைக்கு ஒரு தொட்டில், உன் டப்பாங்களுக்கு ஒரு பீரோவா?” என்று கணவர் கிண்டல் செய்வார்.

விஷயம் தெருவில் பரவி, ஒருநாள் மூன்று வீடு தள்ளி இருந்த ஆன்ட்டி வந்தார். அவர் கணவருக்குச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டும் வேலை. மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்தபடி, ஆட்கள் ஏறிய கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, பாதாளத்துக்கு இறக்குவதும் ஏற்றுவதும் அவர் பொறுப்பு.

“கண்ணு, நீ பழைய கம்ப்யூட்டரெல்லாம் ரிப்பேர் பண்றியாமே? எங்க வூட்ல ஒண்ணு கீது. எங்க சின்னப் பொண்ணுது” என்றார்.

அந்தப் பெண் பி.யு.சி. படிக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. வளைகுடாவில் இருந்த மாமா கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர் அது. அதில் அவள் தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாளாம். பின்னாலேயே கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றித் தூக்கிவந்த அங்கிள் அதை விவரித்தார்.

“கேஜ் எறங்கும்மா, லெவல் லெவலா. எறங்கும்போது மணி அடிக்கும். அப்புறம் மேல வந்து கேட் தொறக்கும். ‘அப்பா டூட்டி முடிஞ்சுது’ன்னு எழுத்து வரும்.”

“அவரு பாத்துட்டாரு” என்றார் ஆன்ட்டி. “நான்தான் பாக்கல. ஆசையா கூப்ட்டா. கொழம்பு கொதிக்குது, அப்பால பாக்கறேன் போடின்னுட்டேன். அப்பால படுத்துட்டா. கல்லறைத் திருநாளுக்குள்ள முடியுமா கண்ணு? ஒரே ஒரு தபா பாத்தா போதும்.”

குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும், பின்கட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் புகை அவளுக்கு ஆகாது என்று பயம். வேலை முடிந்து இரண்டு முறை கை கழுவிய பிறகுதான் அவளைத் தூக்குவேன். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஐ.சி. கால்களைத் துடைத்தேன். கீபோர்டின் உள்ளே விரிசல் விட்டிருந்த பிளாஸ்டிக் தாளைச் சரிசெய்தேன். இரண்டு வாரத்தில் டி.வி. திரையில் கர்சர் மினுக்கியது. ஓடிப்போய் அவர்களைக் கூட்டிவந்தேன். ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டு, முந்தானையிலிருந்து கேசட்டை எடுத்தார்.

“இப்பவே போட்டுக் காட்டு கண்ணு.”

டேப் ரெக்கார்டர் பக்கத்திலேயே இருந்தது. போட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பயம். பதினோரு வருடப் பழைய டேப்; சிக்கி அறுந்துவிட்டால்? “இன்னும் ஒரு நாள் ஆன்ட்டி. முதல்ல ஒரு நகல் எடுத்து வெச்சுடறேன். அப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம்” என்றேன்.

ஆன்ட்டியின் முகம் சுருங்கிவிட்டது. “வேலை தெரிஞ்சவங்க சொல்றாங்க இல்ல, சும்மா இரு” என்று அங்கிள்தான் அவரை அழைத்துப் போனார்.

மறுநாள் மதியம், கணவரின் நண்பர் வீட்டிலிருந்து இரண்டு கேசட் போடும் டேப் ரெக்கார்டர் வந்தது. ஒரு பக்கம் ஓடுவதை மறுபக்கம் பதியும். எந்தப் பக்கம் பதியும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். கேசட்டுகளைப் போடுகிற நேரத்தில் தொட்டிலில் குழந்தை இருமினாள். அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போட்டேன். பட்டன்களை அழுத்திவிட்டு ஓடினேன். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் எதுவும் பதியாது. எல்லாவற்றையும் பத்துத் தடவை பார்க்கிற நான் அதை உடைக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சத்தமே வரவில்லை. வால்யூமைக் குறைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். வெற்றுக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த வெறுமை அந்தப் பெண்ணின் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தது.

திருப்பிப் போட்டேன். டேப்பைத் தள்ளித் தள்ளி ஓடவிட்டேன். மறுபக்கத்தையும் கேட்டேன். எங்கும் ஒன்றும் இல்லை. அந்தப் புரோகிராமே மொத்தம் மூன்று நிமிடம்தான் இருந்திருக்கும். அன்று என் மகளை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

சாயங்காலம் கம்ப்யூட்டரையும் கேசட்டையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்த ஆன்ட்டி தலைவாரிப் பூ வைத்து, நல்ல புடவையில் இருந்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“டேப்புல பூஞ்சை பிடிச்சிருக்கு ஆன்ட்டி. ஈரத்துல இருந்திருக்கு போல. ஒண்ணும் வரல.”

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக அங்கிளிடம் திரும்பினார். “அன்னிக்கே சொன்னேனே, அந்த டிரங்குப் பெட்டிய செவுத்தோரம் வெக்காதன்னு! மழைக்கு ஊறுதுன்னு சொன்னேனே! கேட்டியா? எம்பொண்ண ஊற வெச்சே சாவடிச்சிட்டியே!”

அங்கிள் கேசட்டையும் என்னையும் ஒரு முறை பார்த்தார். “ஆமா, என் தப்புதான்” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குழந்தை அழுவாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கல்லறைத் திருநாளன்று ஆன்ட்டி மெழுகுவர்த்திகளோடு முன்னால் நடந்தார். அங்கிள் பத்தடி பின்னால் பூ மாலையைப் பிடித்துக்கொண்டு போனார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று நினைத்தேன். அப்படி எத்தனையோ நாளைகள் போயின. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இதற்காகத்தானோ என்று தோன்றியது. அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் சுரங்கத்தை மூடினார்கள். அவர்கள் பெங்களூரில் இருந்த மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சாமான் ஏற்றும் நாளில் அங்கிள் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துவந்து, “இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. ஓட வெச்சவங்க நீங்க” என்றார். அதற்குமேல் தாங்க முடியவில்லை. கேசட்டை அழித்தது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

“தெரியும்மா” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“பொண்ணு ஞாபகம் வந்தா நான் அந்தக் கேசட்ட டேப் ரெக்கார்டர்ல போட்டுக் கேப்பேன். ஆன்ட்டிக்குத் தெரியாது. சும்மா அந்தக் கீச்சுச் சத்தந்தான், ஆனா அவ பண்ணது இல்ல? நீங்க திருப்பிக் குடுத்த அன்னிக்கும் கேட்டேன். ஊறிப் போன டேப்பு கரகரன்னும், இழுக்கும். இது தொடச்சு வெச்ச மாதிரி கீது.”

“அப்புறம் ஏன் அங்கிள் ஆன்ட்டி கிட்ட சொல்லல?”

“அவ வாயி பொல்லாதது. ஆத்திரத்துல உங்க குழந்தைய ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா நீங்க தாங்குவீங்களா? நீங்கதான் அது தும்முனாலே டாக்டர் கிட்ட ஓடறீங்களே. எனக்கு முப்பது வருசமா அவகிட்ட திட்டு வாங்கற டூட்டி. இது ஓவர்டைம்” என்று சிரித்தார்.

இப்போதே ஆன்ட்டியிடம் சொல்லிவிடுகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். அவர் தடுக்கவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. ஆன்ட்டி லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுக்கொண்டார். “ஒடம்பப் பாத்துக்கோ கண்ணு” என்றார். பிறகு, டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து என்னிடம், “செவுத்தோரம் வெச்ச மகராசன். இதையாவது ஒழுங்கா ஏத்தறாரா பாரு” என்றார்.

என் வாய் திறந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது. ஆன்ட்டியின் கை இன்னும் என் மகளின் கன்னத்தில் இருந்தது. “போய்ட்டு வாங்க ஆன்ட்டி” என்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்றும் நன்றாக ஓடுகிறது. அதன்பின் பழையது எதையும் நான் சேர்க்கவில்லை. கேசட் அழிந்தது கைத்தவறு, அதற்காக என்றாவது என்னை மன்னித்துக்கொள்வேன். ஆனால் எனக்காக ஒருவர் சுமந்த பழியை இறக்கிவைக்க ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் இருந்தும், அதை அவரோடு லாரியில் ஏற்றி அனுப்பியதை மன்னிக்க இன்னும் வழி தெரியவில்லை.